சென்னையில் முதல் வேலையா? முதல் மாதம் வீடு பிடிக்காதீர்கள்

[திரையில்: விடியற்காலை. தாம்பரம் ரயில் நிலையத்தில் பையோடு இறங்கும் கூட்டம்]

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த அன்றே வீட்டில் கேட்கிற முதல் கேள்வி, "எங்க தங்கப் போற?" அம்மாவுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும் என்பதற்காகவே அவசர அவசரமாக ஏதோ ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன். தென்காசியில் பொதிகை ஏறி, விடியற்காலையில் தாம்பரத்தில் இறங்கி, அன்று மதியமே பல்லாவரத்தில் ஒரு வீட்டுக்குப் பணம் கொடுத்தாயிற்று. "ஸ்டேஷன் பக்கத்துலதான் இருக்கு, எங்க வேணாலும் போய்க்கலாம்ல" என்றார் சித்தப்பா. அவர் முப்பது வருடம் வேலை பார்த்தது கடற்கரை ஸ்டேஷன் பக்கத்துப் பாரிமுனையில், அவருக்கு அது சரி. என் ஆபீஸ் இருந்ததோ பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம், சிறுசேரி சிப்காட் ஐ.டி. பூங்காவில்.

[திரையில்: சென்னை வரைபடம்]

இந்த வரைபடத்தைக் கொஞ்சம் பாருங்கள். சென்னை வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிற ஊர். கடற்கரை, எழும்பூர், கிண்டி, தாம்பரம், செங்கல்பட்டு என்று மின்சார ரயில், தாம்பரம் வழியாகத் தெற்கே போகிற ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையை ஒட்டியே போகிறது. பறக்கும் ரயில் வேளச்சேரிப் பக்கம் வருகிறது. ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலை கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தனியாகத் தெற்கே ஓடுகிறது. இத்தனை கம்பெனிகள் வந்த பிறகும் அதில் ரயில் கிடையாது, சிறுசேரி வரைக்கும் மெட்ரோ போடத் தோண்டியதுதான் நடந்தது. சரி, குறுக்கே போய்விடலாமே என்றால் நடுவில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அதனால் ஜி.எஸ்.டி. பக்கமிருந்து ஓ.எம்.ஆருக்குப் போகிற பெரிய வழிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை: பல்லாவரம் துரைப்பாக்கம் சாலை, தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர், தெற்கே வண்டலூர் கேளம்பாக்கம் சாலை. காலை எட்டரை மணிக்கு மொத்த ஜனமும் இவற்றில்தான் நிற்கும். மேலே கீழே போவது சுலபம், குறுக்கே போவதுதான் உயிரை வாங்கும். எனக்கு ஒரு வழிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது.

இடையில் ஒன்று, புதிதாக வருகிறவர்கள் பலர் மாட்டிக்கொள்கிற இடம் இது. கிளாம்பாக்கம் வேறு, கேளம்பாக்கம் வேறு. 2023 டிசம்பர் 30 அன்று திறந்த பஸ் நிலையம் இருப்பது வண்டலூர் பக்கத்துக் கிளாம்பாக்கத்தில், தென்மாவட்டப் பஸ்கள் வந்து நிற்பது அங்கேதான். கேளம்பாக்கம் ஓ.எம்.ஆரில் இருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் ஆட்டோக்காரரிடம் ஒன்றுக்கு மற்றொன்றைச் சொன்னீர்கள் என்றால் கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டருக்குக் காசு போகும்.

இப்போது பணம். ஆஃபர் லெட்டரில் வருடத்துக்கு 3,60,000 என்று போட்டிருந்தால் மாதம் 30,000 கைக்கு வரும் என்று நாம் கணக்குப் போடுகிறோம். வராது. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வையுங்கள். கம்பெனி உங்கள் பி.எஃப்.க்கு, அதாவது வருங்கால வைப்பு நிதிக்குப் போடுகிற 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், அந்த 30,000க்குள்ளேயே இருக்கிறது. உங்கள் பங்காக இன்னொரு 1,800 பிடிப்பார்கள். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை என்று எழுநூறு ரூபாய்க்கு மேல் ஒரு தொகை எழுதியிருக்கும், அது பொதுவாக ஐந்து வருடம் வேலை பார்த்தால்தான் கிடைக்கும். இன்ஷூரன்ஸ், தொழில் வரி எல்லாம் போக 25,000 வந்தால் சந்தோஷப்படுங்கள். அதுவும் எப்போது? 20ஆம் தேதிக்கு மேல் சேர்ந்தால் பல கம்பெனிகளில் அந்த மாதத்து மிச்ச நாள் சம்பளமும் அடுத்த மாதச் சம்பளத்தோடுதான் வரும். ஆக, சேர்ந்து நாற்பது நாள் வரை அப்பா கொடுத்த காசில்தான் ஓட வேண்டும்.

அந்தக் காசை வீட்டு அட்வான்ஸில் முடக்குவதுதான் நான் செய்த முட்டாள்தனம். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய பழக்கம். 12,000 ரூபாய் வாடகை என்றால் 1,20,000! 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்று ஒரு அளவு சொல்கிறது, ஆனால் வீட்டுக்காரரும் நாமும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அதையும் விட்டுவிடுகிறது. அதனால் வீட்டுக்காரர்கள் கேட்பதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பேரம் பேசுங்கள், கொஞ்சமாவது குறையலாம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை தனி.

[திரையில்: பி.ஜி. அறை, இரண்டு கட்டில், கொடியில் துணி]

அப்போ எங்கே தங்குவது? ஒரு மாதம், ஆபீஸிலிருந்து நடக்கிற தூரத்தில் ஏதாவது ஒரு பி.ஜி., அதாவது சாப்பாட்டோடு மாத வாடகைக்குக் கிடைக்கிற விடுதி அறை. சாப்பாடு நன்றாக இருக்காது, பரவாயில்லை. ஆபீஸ் அண்ணா சாலைப் பக்கம் என்றால் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் இருக்கின்றன, பேச்சிலர்களுக்கென்றே இருக்கிற தெருக்கள் அவை, கீழே இறங்கினால் மெஸ். பெண்கள் என்றால் அரசு நடத்துகிற தோழி விடுதிகளைக் கேட்டுப் பாருங்கள், தாம்பரம், அடையாறு, கூடுவாஞ்சேரியில் உண்டு. எங்கே போனாலும் காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், டெபாசிட்டில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை வாட்ஸாப்பில் எழுதி வாங்கிவிடுங்கள், வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

அந்த ஒரு மாதத்தில் ஊரைப் படியுங்கள். மாநகரப் பேருந்தில் 1,000 ரூபாய் மாத பாஸ் எடுத்தால் ஏசி பஸ் தவிர எதிலும் எத்தனை தடவையும் ஏறி இறங்கலாம். பிடித்த ஏரியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அன்றைக்கு எல்லா ஏரியாவும் பக்கத்தில் இருப்பது போலத்தான் தெரியும். திங்கட்கிழமை காலை அங்கிருந்து ஆபீஸுக்கு ஒரு தடவை வந்து பாருங்கள்.

வீட்டுக்காரரைவிட எதிர்க் கடைக்காரரிடம் விசாரிப்பது நல்லது. 2015 டிசம்பரில், 2023 மிக்ஜாம் புயலில் இந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று கேளுங்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தளம் பார்க்கிறீர்கள் என்றால் கட்டாயம் கேளுங்கள், கையை இடுப்பு வரைக்கும் தூக்கிக் காட்டினால் மாடி வீடு பாருங்கள். அடுத்தது தண்ணீர்: மெட்ரோ வாட்டர் என்கிற குடிநீர் வாரியத் தண்ணீரா, போர்வெல்லா, டேங்கர் லாரியா? ஓ.எம்.ஆரில் பெரிய பெரிய அப்பார்ட்மென்ட்களே லாரித் தண்ணீரில் ஓடுகின்றன, அந்தச் செலவு மெயின்டனன்ஸ் என்ற பெயரில் உங்கள் தலையில் வரும். மூன்றாவது கரண்ட். வீட்டுக்குத் தனி மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வாங்கினால் அந்தச் சலுகை நம் கைக்கு வராது.

பல்லாவரம் வீட்டை நான் நான்காவது மாதம் காலி செய்தேன். பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் சிறுசேரி பக்கத்து நாவலூரில் ஒரு பி.ஜி. அட்ரஸ் சொல்ல வீடு என்று ஒன்று இல்லையே, அம்மாவுக்கு என்ன சொல்வது என்று பயந்துகொண்டே போன் செய்தேன். தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள், வீட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"தண்ணி உப்புக் கரிக்கால?"

கரித்தது.