சோற்றை எந்தக் கணக்கில் எழுதுவது?

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில், ஓய்வுபெற்ற நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

தலைவர் அவர்களே, வாசகர் வட்ட நண்பர்களே, பின்வரிசையில் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் பழைய பள்ளியின் சத்துணவு ஆயாக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

'பள்ளி உணவும் அரசும்' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாக ஒரு பட்டியலோடு வருவார்கள். காமராசர் தொடங்கினார், எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார், கலைஞர் முட்டை போட்டார், ஜெயலலிதா கலவை சாதம் கொடுத்தார், ஸ்டாலின் காலை உணவு கொண்டுவந்தார். பேசுகிறவர் எந்தக் கட்சியோ அந்தப் பெயர் வரும்போது குரல் ஒரு படி ஏறும். பட்டியலில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் நான் சத்துணவுப் பதிவேட்டில் வருடக்கணக்காகக் கையெழுத்துப் போட்டவள். இந்த நூறு வருடத்திலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவதாகத்தான் எனக்குப் படுகிறது. பிள்ளைக்குப் போடுகிற சோறு கல்விச் செலவா, தர்மச் செலவா?

1920-க்குப் போவோம். சென்னை மாநகராட்சியின் தலைவர், நீதிக் கட்சியின் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளி. பிள்ளைகள் ஏழைகள், அதனால் பள்ளியில் எண்ணிக்கை நிற்கவில்லை என்று மன்றத்தில் பேச்சு வருகிறது. பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகாமல் சிற்றுண்டி கொடுக்கலாம் என்று தீர்மானம் போடுகிறார்கள். பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு அது போகிறது. 1922-23-ல் அந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்த்துப் படித்தவர்கள் 811 பேர். 1924-25-ல் 1,671 பேர். இரண்டே வருடத்தில் இரண்டு மடங்கு! ஒரு தலைமையாசிரியைக்கு இந்த எண் என்ன சொல்லும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஜூன் மாதம் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடித்தவர்களுக்குத் தெரியும்.

அப்படி வளர்ந்த திட்டம் 1925 ஏப்ரல் 1 அன்று நின்றது. பஞ்சம் வந்ததால் நிற்கவில்லை, பிள்ளைகள் வேண்டாம் என்றதாலும் நிற்கவில்லை. 'தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவு செய்யக் கூடாது' என்று வெள்ளைக்கார அரசு சொல்லிவிட்டது. அவ்வளவுதான். பலகை வாங்கலாம், சுண்ணக்கட்டி வாங்கலாம், இட்லி வாங்கக் கூடாது. இரண்டு வருடம் கழித்து மாநகராட்சி தன் சொந்தச் செலவில் 25 பள்ளிகளில் ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் மறுபடி தொடங்கியது. ஐந்து பள்ளிகளில் 1,671 பேர் படித்த இடத்திலிருந்து, 25 பள்ளிகளில் பொறுக்கி எடுத்த ஆயிரம் பேர். அந்தப் பொறுக்குகிற வேலையைச் செய்த வாத்தியாரை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

காமராசர் 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கியபோது இந்தக் கணக்குச் சிக்கலை வேறு வழியில் தாண்டினார். பாரதி பிறந்த ஊர். பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பக்கத்தில். ஊரே அரிசியும் காய்கறியும் கொடுத்து அடுப்பை மூட்டட்டும், அரசு பின்னால் வந்து தன் பங்கைச் சேர்க்கட்டும். அழகான ஏற்பாடுதான். என் அம்மா பிடியரிசிப் பானையில் தினமும் ஒரு கை போட்டதைப் பெருமையாகச் சொல்வார். ஆனால் ஊர் கொடுத்தால் அடுப்பு எரியும். மழை பொய்த்த வருடம் ஊருக்கே அடுப்பு எரியாது. பிள்ளைக்குச் சாப்பாடு அதிகம் தேவைப்படுகிற வருடமும் அதுதான்.

அதனால்தான் 1982 ஜூலை 1 அன்று திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவை நான் பெரிதாகச் சொல்கிறேன். சின்ன வயதில் பசியோடு கிடந்து, நாடகக் கம்பெனிக்குப் போனவர் அவர். பணத்துக்கு எங்கே போவது என்று கேட்காத ஆள் இல்லை. இத்தனை பெரிய தொகையைச் சோற்றில் கொட்டினால் வளர்ச்சி என்ன ஆகும் என்று படித்தவர்கள் எழுதினார்கள். அரசே அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆள் போட்டது. அதன் பிறகு எந்த ஆட்சியாலும் அதை நிறுத்த முடியவில்லை. ஒரு திட்டத்தை அழிக்க முடியாதபடி செய்வதற்கு, அதை வேலையாகவும் சமையல்கூடமாகவும் ஊரில் நட்டுவிட வேண்டும் போல. 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. 2010-ல் வாரம் ஐந்தானது. முட்டை வண்டி வரும் நாளில் வருகைப்பதிவேடு தனியாக ஒரு பாட்டு பாடும்.

தேசத்துக்கு இந்தக் கேள்வியில் பதில் வர 2001 ஆயிற்று. மத்திய அரசின் திட்டம் 1995-லேயே வந்தது. ஆனால் பல மாநிலங்களில் மாதம் 3 கிலோ தானியத்தைப் பையில் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். பையில் போன தானியம் எந்த வாய்க்குப் போயிற்று என்று யாருக்குத் தெரியும்? 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவே கொடுக்க வேண்டும், குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், வருடத்தில் குறைந்தது 200 நாள் என்று உத்தரவிட்டது. தர்மம் என்ற கணக்கிலிருந்து உரிமை என்ற கணக்குக்கு வந்தது அன்றைக்குத்தான்.

உரிமை என்று தீர்ப்பில் எழுதிவிடலாம். அடுப்படியில் அதற்கு விலை இருக்கிறது. 2025 மே மாதம் முதல் தேசிய அளவுகோலில் தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு மதிய உணவின் பொருள் செலவு 6 ரூபாய் 78 காசு. தானியம் தனி. இந்த 6 ரூபாய் 78 காசுக்குள் பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, எரிபொருள் எல்லாம் வர வேண்டும். இந்த அரங்குக்கு வெளியே உள்ள கடையில் அந்தக் காசுக்கு டீ கிடையாது. நம் மாநிலம் முட்டையும் மேல்செலவும் போட்டுக்கொள்கிறது. இல்லாத மாநிலத்துப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். நம்மூரிலும் உணவூட்டுச் செலவினத்தில், அதாவது சமையல் பொருளுக்கு அரசு கொடுக்கும் தொகையில், தக்காளிக்கு ஒரு விலை, சந்தையில் ஒரு விலை. தக்காளி விலை ஏறும் மாதத்தில் தக்காளி சாதம் எந்த நிறத்தில் இருக்கும் என்பது பின்வரிசைக்குத் தெரியும். சிரிக்கிறார்கள் பாருங்கள்.

சமையல்கூடத்தைப் பற்றிப் பேசாமல் நகர முடியவில்லை. 2004 ஜூலை 16. கும்பகோணம். சத்துணவு சமைத்த இடத்துத் தீ கூரையில் பிடித்து 94 குழந்தைகள் போனார்கள். அதன் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகை போயிற்று. ஓட்டைக் கூரைக்கு மனு எழுதி எழுதி ஓய்ந்த எத்தனையோ தலைமையாசிரியர்கள் அன்று இரவு தூங்கவில்லை. நானும்தான். கட்டடம் என்பது பெரிய செலவு, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளுகிற செலவு.

சமைக்கிற கை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2018-ல் அவிநாசி அருகே ஒரு பள்ளியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த சமையலர் சமைக்கக் கூடாது என்று ஊரில் சிலர் மறித்தார்கள். முதலில் இடமாற்றம் செய்யப்பட்டது அந்த அம்மாதான். போராட்டம் நடந்த பிறகே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. பந்தியில் பிள்ளைகள் தோளோடு தோள் உரசி உட்கார்கிறார்கள் என்று நாம் மேடையில் பேசுகிறோம். பிள்ளைகளிடம் ஒரு குறையும் இல்லை. குறை மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களிடம்தான். அந்த நேரத்தில் அரசு யார் பக்கம் நிற்கிறது என்பதும் அரசின் ஆதரவில் சேர்ந்ததுதான். இந்தக் கைகளுக்கு ஓய்வு பெற்ற பின் பல வருடம் அரசு கொடுத்தது மாதம் 2,000 ரூபாய். அதை நான் விமர்சிக்கப் போவதில்லை, எண்ணே போதும்.

இனி காலை உணவு. 2022 செப்டம்பர் 15, மதுரை. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் தொடங்கி எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. 2024-ல் ஊரகத்து உதவி பெறும் பள்ளிகள், 2025 ஆகஸ்டில் நகரத்து உதவி பெறும் பள்ளிகள். மொத்தம் 20.59 லட்சம் பிள்ளைகள். தொடங்கியபோது நானே முகம் சுளித்தேன். காலையில் எழுந்து பிள்ளைக்கு ஆக்கிப் போடக்கூட முடியாதா என்று. அப்புறம்தான் புரிந்தது. எங்கள் ஊரில் நூறு நாள் வேலைக்கும் பூப்பறிக்கவும் போகிற அம்மாக்கள் ஆறு மணிக்கே கிளம்புகிறார்கள். பாட்டி காய்ச்சிய டீயோடு வந்த பிள்ளைதான் பத்தரை மணிக் கணக்குப் பாடத்தில் மேசை மேல் தலை சாய்த்தது. அதை நான் இருபது வருடமாகச் சோம்பேறித்தனம் என்று அடித்திருக்கிறேன்.

சுய உதவிக் குழுப் பெண்கள், பெரும்பாலும் அதே பள்ளிப் பிள்ளையின் அம்மா, விடியும் முன் வந்து உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ செய்து, சாம்பாரோடு எட்டரைக்குள் போட்டுவிடுகிறார்கள். உப்புமா என்றால் பிள்ளைகள் முகம் சுருங்குவது வேறு விஷயம். எந்த அரசாலும் அதைத் தீர்க்க முடியாது.

ஆனால் ஒரு கோடு இருக்கிறது. காலை உணவில் இதுவரை சொன்ன விரிவாக்கங்கள் எல்லாமே 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை. எங்களுடையது நடுநிலைப் பள்ளி, எட்டு வரை. ஒரே வளாகம், ஒரே குழாய், ஒரே வேப்பமரம். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஜூன் மாதம், போன வருடம் வரை முதல் வரிசையில் தட்டோடு உட்கார்ந்த ஒரு பையன் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டான். தங்கை இரண்டாம் வகுப்பு. தினமும் அவளைப் பந்தியில் உட்காரவைத்துவிட்டு, தூணோரம் நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பான். கூப்பிட்டால் "சாப்ட்டேன் டீச்சர்" என்பான். தங்கை பாதி தின்றுவிட்டு வயிறு வலிக்கிறது என்று தட்டை அண்ணனிடம் நீட்டும். தினமும் வயிறு வலித்தது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, சமைக்கிற பெண் கரண்டியோடு என் அறை வாசலுக்கு வந்தாள். "டீச்சர், அவனுக்கும் போட்டுடட்டுமா? ஆனா எந்தக் கணக்குல எழுதுறது?"

எழுத வேண்டாம், போடு என்றேன்.