ஒரு லைசன்ஸ், இரண்டு கணினி

வணக்கம் நேயர்களே. ஒலிப்பதிவு பற்றிப் பேச வாருங்கள் என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கை எங்கே வைப்பது, தகரக் கூரைக்குக் கீழே எதிரொலியை எப்படி அடக்குவது என்று சொல்ல நினைத்திருந்தேன். போன கிழமை பரந்தனிலிருந்து ஒரு தம்பி போன் எடுத்தார். அதோடு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"அண்ணை, காசு குடுத்து ஒரு றெக்கோடிங் மென்பொருள் வாங்கினனான். வீட்டு டெஸ்க்டொப்பில போட்டிருக்கிறன். அதையே லப்டொப்பிலயும் போட்டால் களவோ?"

களவோ என்று கேட்டாரே, அது எனக்குப் பிடித்துக்கொண்டது. கிராக் போட்ட, அதாவது காசு குடுக்காமல் பூட்டை உடைத்த மென்பொருளில்தான் நானும் தொடங்கினேன், ஒளிக்க ஒன்றுமில்லை. கணினி நிரல்களுக்கும் பதிப்புரிமை உண்டு என்று 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் சொல்கிறது என்பதை அப்போது யார் கண்டது?

எங்கள் வேலைக்கு இரண்டு கணினி ஆடம்பரமில்லை. முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கோவலன் கூத்தைப் பதிவு செய்யப் போனால் விடிய விடிய இருக்க வேண்டும். வெளி மேடை, ஜெனரேட்டர் இரைச்சல், பனி. அங்கே மேசைக் கணினியைத் தூக்கிக்கொண்டு போகமுடியாது, லப்டொப்தான் போகும். பிறகு கிளிநொச்சிக்கு வந்து, நல்ல ஸ்பீக்கர் இருக்கிற அறையில் அண்ணாவியாரின் குரலையும் மத்தளத்தையும் பிரித்துச் சமன் செய்ய மேசைக் கணினி வேண்டும். வேலை செய்வது ஒரே ஆள்தான்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மிசினை நினையுங்கள். காலையில் வீட்டுக் கிணற்றில் இறைக்கலாம், பின்னேரம் கட்டிச்சென்று மற்றத் தோட்டத்தில் இறைக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு கிணற்றில் இறைக்க ஏலாது. பல மென்பொருள்களின் உரிமமும் ஏறக்குறைய இந்த மாதிரித்தான். ஆனால் எல்லாம் ஒரே மாதிரி இல்லை, அங்கேதான் சிக்கல்.

நான் பாவிப்பது றீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள். அதன் உரிமத்தில் எத்தனை கணினியிலும் போடலாம், ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டும் பாவிக்க வேண்டும் என்று இருக்கிறது. சொந்தப் பாவனைக்கும், ஆண்டு வருமானம் 20,000 டொலரைத் தாண்டாத தொழிலுக்கும் விலை 60 டொலர். தாண்டினால் 225. வன்னியில் ஒலிப்பதிவு செய்து அந்த எல்லையைத் தாண்டியவர் இருந்தால் எனக்கும் ஒரு சொல்லுச் சொல்லுங்கள், நான் அவரிடம் வேலைக்குப் போகிறேன். 2022 தொடக்கத்தில் அந்த 60 டொலர் ஏறக்குறைய 12,000 ரூபா. அதே ஆண்டு வைகாசியில் டொலர் 360 ரூபாவைத் தாண்டியபோது 21,000க்கு மேலே போய்விட்டது. பிறகு வாங்குவோம், பிறகு வாங்குவோம் என்று தள்ளிப்போட்ட ஆள்தான் இப்போது உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். அவசரமில்லாதவர்கள் முதல் 60 நாள் காசில்லாமல், ஒரு வசதியும் குறையாமல் பாவித்துப் பார்க்கலாம்.

மற்ற ஒலிப்பதிவு மென்பொருள்களையும் பார்ப்போம். ஏபிள்டன் லைவ் என்றால் வழமையாக இரண்டு கணினிக்கு அனுமதி தருவார்கள். கியூபேஸ் முன்பு ஒரு யூ.எஸ்.பி சாவியோடு வந்தது. சாவி எந்தக் கணினியில் செருகியிருக்கிறதோ அதில்தான் திறக்கும். 2022இல் 12ஆம் பதிப்போடு அந்தச் சாவியை விட்டுவிட்டு, ஒரு கணக்குக்கு மூன்று கணினி என்று மாற்றினார்கள். புரோ டூல்ஸுக்கு ஐலொக் என்ற, உரிமத்தை வைத்திருக்கிற கணக்கு வேண்டும். அதற்கும் அந்தப் பெயரிலேயே யூ.எஸ்.பி சாவி இருக்கிறது. லொறியில் சாமான் ஏற்றி இறக்குகிற எங்களுக்கு அப்படி ஒரு சின்னச் சாவி பயம்தான். தொலைந்தால் வேலை நின்றுவிடும்.

இந்த அனுமதிக் கணக்கில் நான் ஒரு முறை நன்றாக மாட்டினேன். மாரியில் ஒரு நாள் இடி விழுந்து மேசைக் கணினியின் மதர்போட் கருகிப்போயிற்று. புதுக் கணினியில் வேறொரு மென்பொருளைப் போட்டால், உங்கள் அனுமதி முடிந்துவிட்டது, பழைய கணினியில் விலக்கிவிட்டு வாருங்கள் என்கிறது. செத்த கணினியில் போய் எதை விலக்க? மின்னஞ்சல் எழுதி, பதில் வந்து, திரும்ப எழுதி, ஒன்பது நாள் போனது. அதற்குள் ஒரு கோயில் பாட்டுப் பதிவு கைவிட்டுப் போனது. ஆகவே பழைய கணினியை விற்பதானாலும், திருத்தக் கொடுப்பதானாலும், விண்டோஸை அழித்துப் போடுவதானாலும், அது உயிரோடு இருக்கும்போதே அதிலுள்ள அனுமதியை விலக்கிவிடுங்கள்.

இன்னொன்று. மென்பொருள் இரண்டிலும் இருந்தால் மட்டும் வேலை நகராது. லப்டொப்பில் பதிந்த பாட்டை மேசைக் கணினியில் திறந்தால் ஒலிக்கோப்பைக் காணோம் என்று சொல்லும். சேமிக்கும்போது ஒலிக்கோப்பு எல்லாவற்றையும் அந்தப் பாட்டின் கோப்புறைக்குள்ளேயே பிரதி எடுக்கச் சொல்லிவிட்டு, கோப்புறையை முழுதாகக் கொண்டுபோக வேண்டும். பிளகின்கள், அதாவது மென்பொருளுக்குள் சேர்த்துப் பாவிக்கிற சின்னத் துணை நிரல்கள், அவற்றுக்கு வேறு வேறு உரிமம். மென்பொருளுக்கு இரண்டு கணினி அனுமதி இருக்கிறது என்பதற்காகக் காசு குடுத்து வாங்கிய ரிவேர்ப் (குரலுக்கு எதிரொலி சேர்க்கிற) பிளகினுக்கும் அது இருக்கும் என்றில்லை. இல்லாவிட்டால் அந்த ரிவேர்பைச் சேர்த்தே ஒலியை வேவ் கோப்பாக எடுத்துக்கொண்டு போங்கள்.

தம்பி கடைசியில் இன்னொன்றும் கேட்டார். சனசமூக நிலையத்தில் ஐந்து கணினியில் பிள்ளைகளுக்கு ஒலிப்பதிவு பழக்கலாமோ, தன்னுடைய லைசன்ஸைப் போட்டு? அது ஏலாது. ஐந்து பிள்ளையும் ஒரே நேரத்தில் இருப்பார்கள், தண்ணீர் மிசின் ஒன்றுதான். அங்கே ஓடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளைப் போடுங்கள் என்றேன். 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகவே இருக்கிறது, ஐந்திலும் போடலாம், ஐம்பதிலும் போடலாம். ஒரு குரலைப் பதிந்து, வெட்டி, இரைச்சல் குறைத்துப் பழக அது போதும்.

என்னுடைய றீப்பர் உரிமம் ஒரு சின்னக் கோப்புத்தான். ஒரு பிரதி மின்னஞ்சலில் இருக்கிறது. இன்னொன்று பென் டிரைவில், வீட்டுத் திறப்புக் கோர்வையோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். வீட்டுக்காரிக்கு அது பெரிய பகிடி.

வணக்கம்.