விளம்பர எழுத்து: வார்த்தைக் கணக்குல விலை பேசாதீங்க

அடுத்த கேள்வி திருப்பூர்ல இருந்து, ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. பனியன் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பார்க்கிறாங்க, தமிழ் நல்லா எழுத வருமாம். "வீட்ல இருந்தே காப்பிரைட்டிங், அதாவது விளம்பரத்துக்கு எழுதுற வேலை, பண்ணலாம்னு இருக்கேன். ஒரு ஏஜென்சி வார்த்தைக்கு 50 பைசா தர்றோம்னு சொல்றாங்க. ஒத்துக்கலாமா? மாசம் 30,000 வருமா? காட்டுறதுக்கு பழைய வேலை எதுவும் எங்கிட்ட இல்ல"ன்னு கேட்டிருக்காங்க.

ஒத்துக்காதீங்கம்மா. 50 பைசா குறைச்சல்ங்கிறது அப்புறம், அளக்கிற படியே தப்பு. ஜவுளிக்கடை பேனருக்கு நாலு வார்த்தையில ஒரு வரி வேணும்பாங்க. அதுக்கு முப்பது வரி எழுதி இருபத்தொன்பதை அடிப்பீங்க. கையில வர்றது ரெண்டு ரூபா. தமிழுக்கு இதுல இன்னொரு நஷ்டமும் இருக்கு. இங்கிலீஷ்ல மூணு நாலு வார்த்தையா நிக்கிறது நம்மகிட்ட 'வாங்கிக்கொள்ளலாம்'னு ஒட்டி ஒண்ணாயிடும். அதனால மொழிபெயர்ப்பு வேலைன்னா இங்கிலீஷ் மூலத்தோட வார்த்தையை எண்ணி விலை பேசுங்க. விளம்பரம்னா ஒரு வேலைக்கு இவ்வளவுன்னு சொல்லுங்க.

எவ்வளவுன்னு சொல்றது? நீங்க அக்கவுண்ட்ஸ், நான் சொன்னா சட்டுனு புரியும். கையில 30,000 நிக்கணும். நெட், கரன்ட், லேப்டாப் ரிப்பேருக்கு ஒரு 6,000 வைங்க. ஆக 36,000. மாசம் 24 நாள், நாளுக்கு 6 மணி நேரம்னா 144 மணி. ஆனா அதுல பாதிதான் காசு வர்ற நேரம். மீதி ஆள் தேடுறது, போன் பேசுறது, பில் போடுறது, பாக்கிக்கு நடக்கிறது. 36,000-ஐ 72-ஆல வகுத்தா மணிக்கு 500. ஒரு பல் ஆஸ்பத்திரி வெப்சைட்டோட முதல் பக்கம், பேசி, எழுதி, திருத்தி பத்து மணி ஆகுதுன்னா 5,000. இதுக்குக் கீழ வாங்கினா அந்த மாசக் கணக்கு ஒட்டாது. எல்லாரும் ஏன் 144-ஆல வகுத்து 250-ன்னு சொல்லிட்டு மூணாவது மாசம் ஓடிப்போறாங்கன்னு இப்ப தெரியுதா?

பழைய வேலை இல்லைங்கிறது பெரிய தடை இல்ல. மூணு மாதிரி நீங்களே எழுதுங்க: ஒரு கடைக்கு வாட்ஸ்அப் மெசேஜ், ஒரு கிளினிக்குக்கு வெப்சைட் பக்கம், 30 செகண்ட் வீடியோ ஸ்கிரிப்ட். 'மாதிரிக்காக எழுதியது'ன்னு மேல போட்டுடுங்க. பெரிய கம்பெனி லோகோவை ஒட்டி அவங்களுக்குச் செஞ்ச மாதிரி காட்டாதீங்க, ஒரு போன்ல மாட்டிக்குவீங்க. ஸ்கிரிப்டை வாய்விட்டுப் படிச்சு கடிகாரம் பாருங்க. 60 வார்த்தையைத் தாண்டினா குரல் கொடுக்கிறவர் மூச்சு வாங்குவார்.

எஸ்எம்எஸ் எழுதுறதுல ஒரு பொறி இருக்கு. இங்கிலீஷ்ல ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து, தமிழ்ல 70-தான். அதுவும் நம்ம எழுத்துக் கணக்கு இல்ல. 'வணக்கம்' நமக்கு அஞ்சு எழுத்து. புள்ளியும் தனியா எண்ணப்படுறதால மெஷினுக்கு ஏழு. 70-ஐ தாண்டினா ரெண்டு மெசேஜ் காசு, பத்தாயிரம் பேருக்கு அனுப்புற கடைக்காரர் அப்புறம் உங்களைத்தான் கேட்பார். இதைத் தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி, சொல்லிக் காட்டினாலே வேலை கிடைக்கும்.

ஆள் தேடுறப்போ 'நான் கிரியேட்டிவ் ரைட்டர்'னு ஆரம்பிக்காதீங்க. கூகுள் மேப்ல உங்க ஊர்க் கடைகளை எடுங்க. அவங்க விளம்பரத்துல ஒரு குறையைப் பிடிங்க: "சார், உங்க கடை விளம்பரத்துல ஞாயிற்றுக்கிழமை உண்டா இல்லையான்னே தெரியல. மாத்தி எழுதி இதோட வச்சிருக்கேன், பாருங்க." அவ்வளவுதான். நாளுக்கு அஞ்சு பேர்.

இப்ப காசு எங்க ஒழுகுதுன்னு சொல்றேன். திருத்தத்துல. "சின்ன சேஞ்ச்தாம்மா"ன்னு ஆரம்பிச்சு, முதலாளியோட மச்சான் ஒரு கருத்து, டிசைனர் ஒரு கருத்து, கடைசியில ஆஃபரே மாறியிருக்கும். வேலைக்கு முன்னாடி மெயில்ல அஞ்சு வரி போடுங்க. பாதி முன்பணம். ரெண்டு தடவை திருத்தம் இலவசம். திருத்தம்னா எழுதினதைச் சரி பண்றது, பொருளோ ஆஃபரோ மாறினா அது புது வேலை. ஓகே சொல்றவர் ஒருத்தர்தான், அவர் பேர் என்ன. முழுப்பணம் வந்ததும் எழுத்தோட உரிமை அவங்களுக்கு. இந்தக் கடைசி வரி சும்மா இல்ல. நீங்க அவங்க சம்பளக்காரர் இல்லாததால அந்த உரிமை, அதாவது காப்பிரைட், முதல்ல உங்களோடதுதான். எழுத்து மூலமா கொடுத்தாத்தான் கை மாறும். பாக்கி வைக்கிறவங்ககிட்ட இது உங்க பிடி.

சின்னத் தொழில்களுக்கான 'உத்யம்' பதிவு பண்ணுங்க, அரசு தளத்துல இலவசம், ஏஜென்ட்டுக்குக் காசு கொடுக்காதீங்க. பதிஞ்ச சின்னத் தொழிலுக்கு எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், இல்லைன்னா 15 நாள்ல பணம் தரணும்னு சட்டம். வேலை எடுக்கிறதுக்கு முன்னாடியே பதிவு இருக்கணும், சண்டை வந்தப்புறம் போய் பதிஞ்சா நிக்காது. ஜிஎஸ்டி வருஷ வரவு 20 லட்சம் தாண்டினாத்தான், அதுவரைக்கும் பில்லுல அந்த வரியே வேண்டாம். கம்பெனிகள் 10% டிடிஎஸ், அதாவது உங்க பேர்ல முன்கூட்டியே கட்டுற வருமான வரி, பிடிச்சா பயப்படாதீங்க, பான் நம்பர் கொடுத்துட்டு வருமான வரித் தளத்துல இருக்கிற உங்க வரிக் கணக்குல ஏறியிருக்கான்னு மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாருங்க. கட்ட வேண்டிய வரி இல்லைன்னா ரிட்டர்ன் போட்டதும் திரும்பி வரும்.

ஒரு வேலையை மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் எடுக்காதீங்க. "எங்க சூரணம் சர்க்கரை வியாதியைக் குணமாக்கும்னு எழுதுங்க"ம்பாங்க. 1954-லயே அந்த மாதிரி மருந்து விளம்பரத்துக்குத் தடைச் சட்டம் வந்தாச்சு. சர்க்கரை, புற்றுநோய், உடல் பருமன் எல்லாம் அந்தப் பட்டியல்ல இருக்கு.

பனியன் கம்பெனி வேலையை எப்ப விடலாம்? பில் போட்ட தொகையை எண்ணாதீங்க, பேங்க்ல விழுந்ததை எண்ணுங்க. ஆறு மாசம் தொடர்ந்து 30,000 விழணும், அந்த ஆறுல ஒரு மந்த மாசமும் இருக்கணும். கடை விளம்பரத்துக்கு ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும்தான் அறுவடை. பொங்கல் போனப்புறம் கை காயும், அப்ப ஸ்கூல், காலேஜ் அட்மிஷன் வேலையைப் பிடிக்கணும். தீபாவளிக்கான எழுத்து வேலை ஆவணியிலேயே ஆரம்பிச்சுடும். அதனால உங்க மூணு மாதிரியும் ஆனி மாசத்துக்குள்ள தயாரா இருக்கட்டும்.