எது அறுபடுகிறது? உப்பு, சீனி, மெழுகு

வணக்கம், நேயர்களே. உப்பு உருகும்போதும் மெழுகு உருகும்போதும் எது அறுபடுகிறது என்று பத்தாம் கிரேடில் கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் “பிணைப்பு” என்றே பதில் வரும். புள்ளியும் பெருக்கல் குறியுமாய் எலக்ட்ரான்களை அழகாக வரையும் பிள்ளையும் இங்கேதான் சறுக்கும். படம் பிறகு வரட்டும். மொரீஷியஸில் நாம் வீட்டில் கிரியோலில் திசேல், திசிக் என்று சொல்கிற உப்பும் சீனியும் முதலில் மேசைக்கு வரட்டும்.

பால் டின் மூடியின் மேல் பட்டாணியளவு மெழுகுத் துருவல், சீனி, உப்பு மூன்றையும் தனித்தனியே வைத்து, அடியில் ஸ்பிரிட் விளக்கு ஏற்றுங்கள். மெழுகு 60 பாகைக்கே இளகிவிடும். சீனி 186 பாகை வாக்கில் உருகிப் பழுப்பாகும். உப்புக்கு 801 பாகை வேண்டும். அந்தச் சுடருக்கு மசியாது. கல்லுப்பானால் உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி, படபடவென்று தெறிக்கும். கண்ணாடி அணியாமல் யாரும் கிட்டப் போகக்கூடாது.

கரும்புத் தீவாயிற்றே என்று சீனியை உருகலுக்கு உதாரணமாக்கிவிடாதீர்கள். பழுப்பேறினால் மூலக்கூறே சிதைகிறது, உள்ளே அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து இணைந்திருக்கும் சகப்பிணைப்பே அறுபடுகிறது. மெழுகில் மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்புதான் தளர்கிறது. ஆறினால் அதே மெழுகு. உப்பிலோ, மின்னேற்றம் கொண்ட சோடியம், குளோரைடு அயனிகளைப் பிடித்துவைக்கும் வலுவான அயனிப் பிணைப்பையே வெல்ல வேண்டும்.

அடுத்து மின்சோதனை. 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்.இ.டி., 470 ஓம் மின்தடை, இரண்டு பென்சில் கரிக்குச்சிகள்; எல்லாம் ஒரே தொடரில். தடையை விட்டுவிட்டால், குச்சிகள் முட்டிய கணமே எல்.இ.டி. கருகும். செம்புக் கம்பி வேண்டாம், அதுவே கரைந்து நீரைக் கலக்கும். 100 மில்லி நீரில் ஒரு தேக்கரண்டி சீனி: எரியாது. உப்பு: எரியும். குழாய்த் தண்ணீர் எடுத்தால் சீனிக்கும் மங்கலாக எரிந்து மானத்தை வாங்கும். கார் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் எடுங்கள். உப்புநீரில் ஐந்து விநாடி போதும், நீட்டினால் குளோரின் நெடி.

உலர்ந்த உப்பில் எரியவே கூடாது. ஆனால் நம் தமரின் ஊர் உப்பளத்துக் கல்லுப்பைப் போன்ற கடலுப்பில் மக்னீசியம் குளோரைடு கொஞ்சம் இருக்கும்; அது காற்றின் ஈரத்தை இழுக்கும். விளக்கு மினுங்கினால் “திட உப்பும் கடத்தும்” என்று பிள்ளை எழுதிவிடும். வாணலியில் பத்து நிமிடம் வறுத்து, மூடிய போத்தலில் ஆறவைத்துக் கொண்டுபோங்கள்.

கடைசியாகக் களிமண். இரண்டே உருண்டையைக் குச்சியில் கோத்து உப்பு என்று காட்டினால், உப்புக்கும் மூலக்கூறு உண்டென்று மனதில் பதிந்துவிடும். 13 சோடியம், 14 குளோரைடு உருண்டைகளை மூன்றுக்கு மூன்றாய் மூன்றடுக்கு மாற்றி மாற்றி அடுக்குங்கள். நடுவிலிருக்கும் சோடியத்தைத் தொட்டு நிற்பவை ஆறு குளோரைடு. “குளோரைடு ஒன்று கூடுதலாய் இருக்கிறதே?” என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். நாம் அடுக்கியது பெரிய படிகத்தில் வெட்டிய துண்டுதானே! நான்கடுக்காக 64 உருண்டை வைத்தால் சரிபாதி, 32க்கு 32.