கோலாலம்பூர் – லண்டன்: போக 14 மணி நேரம், வர 13. ஏன்?

(திரையில் இரண்டு கடிகாரங்கள்: சென்னை, கோலாலம்பூர்)

சென்னையிலிருந்து அத்தை போன் செய்கிறார். "நடுராத்திரி 12 மணிக்கு ஏறுறேன், காலையில ஆறரைக்கு கேஎல்ஐஏ ஏர்போர்ட் வந்துடுவேன்." வீட்டில் ஒருவர் உடனே, "ஆறரை மணி நேரமா, பாவம்!" என்கிறார்.

பாவமெல்லாம் வேண்டாம். சென்னைக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது. அதைக் கழித்தால் நான்கு மணி நேரம்தான். சுமார் 2,600 கிலோமீட்டருக்கு அது சரியான கணக்கு. தாத்தா காலத்தில் வித்தியாசம் இரண்டே மணி நேரம். போர்னியோ தீவிலுள்ள சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒத்துப்போக, 1982 தொடங்கியபோது மலேசியத் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளி வைத்தார்கள்.

சரி, லண்டனுக்கு வருவோம்.

(மேசைமேல் பூகோள உருண்டை, கையில் நூல்)

பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடையில் மல்லிகை கட்டும் நூல் இது. ஒரு முழம் கேட்டேன், அக்கா காசு வாங்கவில்லை. ஒரு முனை கேஎல்ஐஏ இருக்கும் செப்பாங்கில், மறுமுனை லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில். இழுத்துப் பிடிக்கிறேன். இந்த உருண்டையின் குறுக்களவு 30 சென்டிமீட்டர். நூல் 25 சென்டிமீட்டர் வருகிறது. நிஜத்தில் அது ஏறக்குறைய 10,600 கிலோமீட்டர்.

நூல் எங்கே படுகிறது, பாருங்கள். தட்டையான வரைபடத்தில் அடிக்கோல் வைத்தால் மும்பை, ஈரான் பக்கம் கோடு போகும். நூலோ வங்கக்கடல் தாண்டி, கிழக்கிந்தியா, ஆப்கானிஸ்தான், உஸ்பெகிஸ்தான் என்று வடக்கே ஏறி, உக்ரைன் வழியாக லண்டனைச் சேர்கிறது. உருண்டையில் இதுதான் குறுக்குவழி. ஆனால் விமானம் இதை அப்படியே பிடித்துப் பறக்க முடியாது. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. சுற்றித்தான் போக வேண்டும்.

மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்தால் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகாது. டிக்கெட்டிலோ பதினான்கு! சுற்றுவழி ஒரு காரணம். ஓடுபாதைவரை ஊர்ந்து போவதும், இறங்க இடம் கிடைக்காமல் வானத்தில் வட்டமடிப்பதும் அந்தக் கணக்கில்தான் சேரும். பெரிய வில்லன் காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், உஸ்பெகிஸ்தான் போன்ற வட பகுதிகளில், மேற்கிலிருந்து கிழக்காகக் காற்றோட்டம் ஆறுபோல் பாய்கிறது. போகும்போது எதிர்நீச்சல். எதிர்க்காற்று 100 என்றால், 900இல் 800தான் மிஞ்சும். திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். அதனால்தான் வரும்போது ஏறக்குறைய ஒரு மணி நேரம் மிச்சமாகிறது. குளிர்காலத்தில் காற்றின் வேகம் இன்னும் கூடும்.

(மீண்டும் கடிகாரங்கள்: லண்டன், கோலாலம்பூர்)

லண்டனில் படிக்கும் மகன் டிசம்பரில் இரவு 9 மணிக்கு ஏறுகிறான். பயணம் 13 மணி நேரம், நேர வித்தியாசம் 8 (அவர்களுடைய கோடையில் 7). இரண்டையும் கூட்டினால் மறுநாள் மாலை 6 மணிக்கு இங்கே இறங்குவான். அதுவும் வெள்ளிக்கிழமையாக இருந்தால் நெடுஞ்சாலை நெரிசல் தெரியும்தானே? வீட்டிலிருந்து நாலரைக்கே கிளம்பிவிடுங்கள்.