கடிதத்தில் யாருடைய பெயர்? ஊரில் இருந்தே வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை பார்ப்பவர்களுக்கு

(காட்சி: கல்லடிப் பாலம், காலை நேரம். பிறகு ஒரு மேசை, அதில் ஆறு பக்கக் கடிதம்.)

வணக்கம். நாலு மாதத்துக்கு முன்னர் ஆரையம்பதியில் இருந்து ஒரு தங்கச்சி வீட்டுக்கு வந்தாள். வந்தாறுமூலையில் படித்தவள். மென்பொருளைச் சோதித்துப் பிழை பிடிக்கும் வேலையில் நாலு வருட அனுபவம். கையில் ஒரு வேலைக் கடிதம்.

"அண்ணா, என்னை நேர்முகம் கண்டது டொரொண்டோவில இருக்கிற கம்பனி. ஆனா கடிதத்தில கையெழுத்து வெச்சிருக்கிறது கொழும்பில ஒரு கம்பனி. பேரே கேள்விப்படல்ல. இது ஏமாத்து வேலையா?"

ஏமாற்று வேலை இல்லை. ஆனால் அவள் கேட்டது மிகச் சரியான கேள்வி. அந்தக் கேள்வியை நான் என் காலத்தில் கேட்கவில்லை. அதனால் வந்த இழப்பைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்தக் கடிதத்தைப் புரட்டுவோம்.

(காட்சி: திருமலை வீதியில் ஒரு வங்கி வாசல். பாதுகாப்பு ஊழியர் நிற்கிறார்.)

வங்கி வாசலில் நிற்கும் இந்த ஐயாவைப் பாருங்கள். நாள் முழுக்க வங்கியில்தான் நிற்கிறார். "கதவைத் திற, வரிசையைப் பார்" என்று சொல்வது வங்கி மனேஜர். ஆனால் சம்பளம் கொடுப்பது வங்கி இல்லை, பாதுகாப்புச் சேவைக் கம்பனி. சேமலாப நிதி கட்டுவதும், லீவு கணக்கு வைப்பதும், நாளைக்கு ஒரு வழக்கு என்றால் தொழில் திணைக்களத்துக்குப் போய் நிற்பதும் அந்தக் கம்பனிதான். வங்கி அந்தக் கம்பனிக்கு மாதாமாதம் கட்டணம் கொடுக்கிறது.

டொரொண்டோ விஷயமும் கிட்டத்தட்ட இதுதான். கனடாக் கம்பனிக்கு இலங்கையில் பதிவு இல்லை. ஒரே ஒரு ஆளை எடுப்பதற்காக இங்கே கம்பனி திறந்து, வரி இலக்கம் எடுத்து, கணக்காளரை வைத்து, வருடா வருடம் கணக்குக் காட்டுவது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே, ஏற்கெனவே இங்கே பதிவுள்ள ஒரு நிறுவனத்திடம், "இந்தப் பிள்ளையை உங்கள் பெயரில் வேலைக்கு எடுங்கள், வேலையை நாங்கள் சொல்கிறோம், செலவையும் உங்கள் கட்டணத்தையும் நாங்கள் தருகிறோம்" என்று ஒப்பந்தம் போடுகிறார்கள். இந்தச் சேவைக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்ட், சுருக்கமாக ஈ.ஓ.ஆர். தமிழில் பதிவிலுள்ள தொழில்தருநர் என்று சொல்லலாம்.

குளோபலைசேஷன் பார்ட்னர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2012இல் இந்தத் தொழிலைத் தொடங்கியது. இதே சேவையைத் தரும் டீல், ரிமோட் என்ற இணையத் தளங்கள் இரண்டும் 2019இல் வந்தவை. அடுத்த வருடமே கொரோனா வந்து உலகம் வீட்டில் இருந்து வேலை செய்யத் தொடங்கியதும் இந்தத் தொழில் மளமளவென்று வளர்ந்தது. கட்டணம் பொதுவாக ஓர் ஆளுக்கு மாதம் சில நூறு அமெரிக்க டாலர். அதைக் கொடுப்பது வேலை வாங்கும் வெளிநாட்டுக் கம்பனி.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வேலைக்குச் சேர்பவர் ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. "பதிவுக் கட்டணம் கட்டுங்கள், லப்டொப்புக்கு முற்பணம் வையுங்கள்" என்று யாராவது கேட்டால் அது ஈ.ஓ.ஆர். இல்லை, திருட்டு. வளைகுடா நாட்டுக்கு அனுப்புகிறோம் என்று ஏஜென்சிக்குக் காசைக் கட்டி ஏமாந்த குடும்பங்கள் நம் பகுதியில் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். இன்னொன்று, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவது நாட்டை விட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு. நீங்கள் களுவாஞ்சிக்குடியிலோ கல்முனையிலோ உங்கள் வீட்டில் இருந்து, இலங்கைக் கம்பனியின் ஊழியராகவே வேலை பார்க்கிறீர்கள். அந்தப் பதிவு இதற்கு இல்லை.

(காட்சி: கடிதத்தின் முதல் பக்கம். "தொழில்தருநர்" என்ற சொல்லின் கீழ் விரல்.)

சரி, கடிதத்துக்கு வருவோம். நீங்கள் முதலில் தேட வேண்டிய சொல் "தொழில்தருநர்". ஆங்கிலக் கடிதமாகத்தான் இருக்கும், எம்ப்ளாயர் என்று போட்டிருக்கும். அதற்கு நேரே இலங்கையில் பதிவான கம்பனியின் பெயர் இருந்தால், நீங்கள் ஊழியர். அந்தச் சொல்லே இல்லாமல் "கொன்ட்ராக்டர்" என்றோ "சுயாதீன சேவை வழங்குநர்" என்றோ உங்களைக் குறித்திருந்தால், அந்தக் கடிதத்தின்படி நீங்கள் ஒரு சிறு வியாபாரி. டீல் போன்ற அதே தளங்கள் இரண்டு விதமாகவும் காசு அனுப்பும். தளத்தின் பெயரை மட்டும் பார்த்து "நான் ஊழியர்" என்று நினைத்துவிட வேண்டாம்.

நான் நினைத்தேன். மூன்று வருடம் ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்தேன். காலையில் அவர்களுடைய கூட்டம், இரவில் அவர்களுடைய கூட்டம், லீவுக்கு அவர்களிடம் அனுமதி. ஊழியர் இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக் கடனுக்கு வங்கிக்குப் போனபோது, சம்பளச் சீட்டும் சேமலாப நிதி இலக்கமும் கேட்டார்கள். இரண்டும் இல்லை. அப்புறம் ஒரு நாள் காலை மின்னஞ்சல் வந்தது, இரண்டு கிழமையில் வேலை முடிகிறது என்று. மூன்று வருட உழைப்புக்குச் சேமலாப நிதியில் ஒரு ரூபாய் கிடையாது. அந்தக் கடிதத்தை இப்போது எடுத்துப் பார்த்தால், முதல் பக்கத்திலேயே "கொன்ட்ராக்டர்" என்று தெளிவாக இருக்கிறது. வாசிக்காதது நான்தான்.

ஊழியர் என்றால் என்ன கிடைக்கும்? 1958ஆம் ஆண்டு சட்டப்படி ஊழியர் சேமலாப நிதியம். உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள், தொழில்தருநர் தன் பங்கு 12 வீதம் போடுவார். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 3 வீதம், அது முழுக்கத் தொழில்தருநருடையது. ஐந்து வருடம் நிறைந்தால், 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் என்றால், வேலையை விடும்போது ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் அமைய லீவு. பிரசவ லீவு 84 வேலை நாட்கள். போயா தினம் விடுமுறை. டொரொண்டோ மனேஜருக்குப் போயா என்றால் என்னவென்று தெரியாது. ஆனாலும் அவருடைய ஈ.ஓ.ஆர். நிறுவனம் அதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

(காட்சி: கடிதத்தின் மூன்றாம் பக்கம். சம்பள அட்டவணை. பக்கத்தில் ஒரு கல்குலேட்டர்.)

இந்தப் பக்கத்தில்தான் எனக்கு வயிறு எரிந்தது. தங்கச்சிக்குச் சொன்ன சம்பளம் மாதம் 5 இலட்சம் ரூபாய். கடிதத்தில் அது எப்படிப் பிரிந்திருக்கிறது? அடிப்படைச் சம்பளம் 2 இலட்சம். மிச்சம் 3 இலட்சமும் இணையக் கொடுப்பனவு, பயணக் கொடுப்பனவு, செயற்றிறன் கொடுப்பனவு. வீட்டில் இருந்து வேலை செய்கிறவளுக்குப் பயணக் கொடுப்பனவு! இங்கே இருந்து கொழும்புக்கு உதயதேவி ஏறிப் போகவா?

காரணம் இதுதான். அவர்கள் சேமலாப நிதியை அந்த 2 இலட்சத்தில் மட்டும் கணக்குப் பார்த்திருந்தார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025 ஏப்ரலில் வந்த வரி வீதங்களை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அவள் கொன்ட்ராக்டராக இதே 5 இலட்சத்துக்குச் சமமான டாலரை வங்கி வழியாகப் பெறுகிறாள் என்று வைப்போம். வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைக்கான வருமானத்துக்கு வரி ஆகக் கூடினால் 15 வீதம். வருடத்துக்கு 18 இலட்சம் விலக்கு, அடுத்த 10 இலட்சத்துக்கு 6 வீதம், அதற்கு மேல் 15 வீதம். மாதக் கணக்கில் 45,000 ரூபாய் வரி. கையில் மிஞ்சுவது 4,55,000. அவ்வளவுதான், வேறொன்றும் கிடையாது.

இப்போது ஊழியர். ரூபாயில் சம்பளம், மாதாமாதம் ஏபிட் வரி, அதாவது கம்பனியே சம்பளத்தில் பிடித்துக் கட்டும் வருமான வரி, கழியும். இதில் வீதம் 36 வரை ஏறும். 5 இலட்சத்துக்கு 86,000 ரூபாய் வரி. கொன்ட்ராக்டரை விட 41,000 கூட. இதைக் கேட்டதும் பலர் "ஐயோ, எனக்கு ஊழியர் வேலையே வேண்டாம்" என்பார்கள். பொறுங்கள்.

முழு 5 இலட்சமும் அடிப்படைச் சம்பளம் என்றால், சேமலாப நிதிக்கு அவளுடைய 40,000, கம்பனியின் 60,000, நம்பிக்கை நிதிக்கு 15,000. கையில் வருவது 3,74,000, நிதியங்களில் சேர்வது 1,15,000. கூட்டினால் 4,89,000. வரி கூடக் கட்டிய பிறகும் கொன்ட்ராக்டரை விட 34,000 மேல். பணிக்கொடையும் லீவும் தனி.

ஆனால் அடிப்படை 2 இலட்சம் என்றால்? அவளுடைய 16,000, கம்பனியின் 24,000, நம்பிக்கை நிதிக்கு 6,000. கையில் 3,98,000, நிதியங்களில் 46,000. மொத்தம் 4,44,000. கொன்ட்ராக்டர் பெறுவதை விட 11,000 குறைவு! ஊழியருக்குரிய வரியை முழுசாகக் கட்டி, ஊழியருக்குரிய சேமிப்பில் பாதிக்கு மேல் இழக்கிறாள். பணிக்கொடையும் அந்தச் சின்னத் தொகையில்தான் கணக்காகும். கடிதத்தில் சம்பளத்தைப் பிரித்து எழுதும் விதம் இவ்வளவு செய்கிறது.

பேச்சில் சொன்ன தொகை எது என்பதையும் கேளுங்கள். சில வெளிநாட்டுக் கம்பனிகள் தங்களுக்கு ஆகும் மொத்தச் செலவைச் சம்பளம் என்று சொல்லிவிடும். தொழில்தருநர் போட வேண்டிய 15 வீதம் அதற்குள்ளேயே இருந்தால், உங்கள் உண்மையான சம்பளம் அதைவிடக் குறைவு.

இன்னொரு விஷயம், ரூபாயா டாலரா. 2022 மார்ச் தொடக்கத்தில் டாலர் 200 ரூபாயைச் சுற்றி இருந்தது, மே மாதம் 360ஐத் தாண்டியது. ரூபாயில் தொகையைக் கட்டி எழுதியவர்களுக்குச் சம்பளம் அப்படியே நின்றது, அரிசி விலை நிற்கவில்லை. ரூபாயில்தான் தருவார்கள் என்றால், "தொகை இத்தனை டாலர், கொடுக்கும் நாளின் வீதத்தில் ரூபாயாக" என்று எழுதித் தருவார்களா என்று கேட்கலாம். எல்லாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை திருத்துகிறோம் என்றாவது எழுதுவார்கள்.

(காட்சி: ஐந்தாம் பக்கம். "முடிவுறுத்தல்" என்ற பகுதி.)

வேலை போனால்? டொரொண்டோக் கம்பனி உங்களை வேலையை விட்டு நிறுத்த முடியாது. "இந்த ஆள் எங்களுக்கு இனித் தேவையில்லை" என்று ஈ.ஓ.ஆர். நிறுவனத்துக்குச் சொல்லத்தான் முடியும். அதன் பிறகு இலங்கைச் சட்டம். 1971ஆம் ஆண்டின் ஊழியர் சேவை முடிவுறுத்தல் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஒருவரை ஒழுக்கக் குற்றம் எதுவும் இல்லாமல் நிறுத்துவதென்றால், அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். நட்டஈட்டுக்குச் சூத்திரம் இருக்கிறது. 2021 முதல் உச்ச வரம்பு 25 இலட்சம் ரூபாய். ஆகவே யாராவது அவசர அவசரமாக ஒரு "விருப்ப விலகல்" கடிதத்தை நீட்டினால், அன்றைக்கே கையெழுத்து வைக்காதீர்கள். அந்தக் கையெழுத்துத்தான் அவர்களுக்குத் தேவையான சம்மதம். தொழில் நியாய சபைக்குப் போவதென்றால் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

சில ஈ.ஓ.ஆர். நிறுவனங்களுக்கு இலங்கையில் சொந்தக் கம்பனி இருக்காது. இங்குள்ள இன்னொரு கம்பனியைப் பங்காளியாக வைத்திருப்பார்கள். தங்கச்சியின் கடிதத்தில் இருந்த கொழும்புக் கம்பனி அப்படி ஒன்று. பிழை இல்லை. ஆனால் சம்பளம் கனடாவில் இருந்து தளத்துக்கு, தளத்தில் இருந்து கொழும்புக்கு, அங்கிருந்து உங்கள் கணக்குக்கு என்று மூன்று கை மாறி வரும். எந்தத் திகதிக்குள் வரும் என்று எழுத்தில் வேண்டும்.

சுவிஸில், லண்டனில் இருக்கும் நம் ஊர் அண்ணாமாரும் இதைப் பார்ப்பீர்கள். ஊர்ப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேருக்கு வேலை கொடுக்க நினைத்தால் இந்த வழி நல்லது. பத்துப் பேர் ஆகும்போது மாதக் கட்டணமே ஆயிரக்கணக்கான டாலர் ஆகிவிடும். அப்போது இங்கேயே ஒரு கம்பனி பதிந்துவிடுங்கள். தயவுசெய்து, செலவு மிச்சம் என்று பிள்ளைகளைக் கொன்ட்ராக்டர் என்று எழுதி, முழுநேர ஊழியர் மாதிரி வேலை வாங்காதீர்கள்.

(காட்சி: கைபேசித் திரை. ஒரு மின்னஞ்சல்.)

அன்றிரவே தங்கச்சியும் நானும் இருந்து மின்னஞ்சல் எழுதினோம். சேமலாப நிதியத்தில் உங்கள் தொழில்தருநர் பதிவிலக்கம் என்ன? உங்கள் கம்பனியில் எத்தனை ஊழியர்கள்? அடிப்படைச் சம்பளம் ஏன் 2 இலட்சம்? பயணம் இல்லாத வேலைக்குப் பயணக் கொடுப்பனவு எதற்கு? நாலே கேள்வி. மரியாதையாகத்தான் கேட்டோம். அவளுக்குப் பயம், "இப்படிக் கேட்டா வேலையைத் தராம விட்டுருவாங்களோ" என்று.

மூன்று நாள் பதில் இல்லை. நாலாம் நாள் வந்தது. பதிவிலக்கம் தந்திருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு மட்டக்களப்பில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போய் விசாரித்தாள், பதிவு உண்மை. முழு 5 இலட்சத்தையும் அடிப்படையாக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. 4 இலட்சம் ஆக்கினார்கள். பயணக் கொடுப்பனவு போய்விட்டது.

போன மாதம் முதல் சம்பளச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். சேமலாப நிதி, ஊழியர் பங்கு 32,000. தொழில்தருநர் பங்கு 48,000. பக்கத்தில் அவளுடைய உறுப்புரிமை இலக்கம். கீழே ஒரு வரி: "அண்ணா, எனக்கு இது முதல் இலக்கம்."