நிவாரணப் பணம் எங்க நிக்குது? பிடிச்ச வரி எப்படித் திரும்பும்?

[திரையில்: மண்டபம் இறங்குதளம். வரிசையா கட்டிக் கிடக்கும் விசைப்படகுகள்.]

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நேரத்துல மீனவர் குடும்பத்துக்குத் தமிழக அரசு தர்ற தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். மழைக்காலத்துல மீன்பாடு குறையும்போது சிறப்பு உதவித்தொகை 6,000. இது போக சேமிப்பு நிவாரணத் திட்டம் இருக்கு. நீங்க 1,500 கட்டுனா, மாநில அரசு 1,500, மத்திய அரசு 1,500 சேர்ந்து 4,500-ஆ வரும். மீனவப் பெண்களுக்கும் 1,500 கட்டி 4,500 வாங்குற திட்டம் தனியா இருக்கு. வாலிநோக்கம் பக்கம் உப்பளத்துல வேலை பார்க்குறவங்களுக்கு மழைக்கால நிவாரணம் 5,000.

இதெல்லாம் ஊருல எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்கு வந்துச்சு, நமக்கு ஏன் வரலைங்கறதுதான் கேள்வி. தகுதி இல்லாம நின்ன பணத்தைவிட, வங்கிக் கணக்குல சிக்கி நிக்கிற பணம்தான் பார்க்கப் பரிதாபமா இருக்கும்.

[திரையில்: பாஸ்புக், ஆதார், குடும்ப அட்டை, மீனவர் நல வாரிய அட்டை. நாலையும் பக்கத்துல பக்கத்துல வைக்கவும்.]

முதல்ல ஆதார். "பேங்க்ல ஆதார் குடுத்துட்டேனே"ன்னு சொல்வீங்க. நீங்க குடுத்தது அடையாளத்துக்கான நகல். ஆதார் எண்ணை வச்சு அரசு அனுப்புற பணம் வேற வழியில வருது. உங்க ஆதாருக்கு எந்த வங்கின்னு என்பிசிஐ, அதாவது வங்கிகளுக்கு இடையில பணம் போக வழி பண்ற நிறுவனம், ஒரு பதிவு வச்சிருக்கு. அதுல ஒரு ஆதாருக்கு ஒரே ஒரு வங்கிதான் நிக்கும், அதுவும் கடைசியா சீடிங் பண்ணுனது, அதாவது ஆதாரைப் பணம் வாங்க இணைச்சது. ராமேஸ்வரத்துல பத்து வருஷமா கணக்கு இருந்தாலும், நடுவுல எங்கேயோ செல்போன் கடையில விரல் வச்சு ஒரு கணக்கு திறந்திருந்தா பணம் அங்க போய் உட்கார்ந்திருக்கலாம். மை ஆதார் இணையதளத்துல ஆதார் எண்ணும் ஓடிபியும் போட்டு, வங்கி இணைப்பு நிலையைப் பாருங்க. எந்த வங்கின்னு காட்டும். மாத்தணும்னா வேண்டிய கிளைக்கே போய் ஆதார் சீடிங் ஒப்புதல் படிவம் எழுதிக் குடுக்கணும். கட்டணம் இல்லை.

அடுத்தது, முழு கேஒய்சி, அதாவது முழு அடையாள, முகவரிச் சான்று, இல்லாம திறந்த சிறு கணக்கு. அதுல ஒரு வருஷத்துக்கு மொத்த வரவு 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது, இருப்பு 50,000-ஐத் தாண்டக் கூடாது. ஏலத்துல மீன் வித்த பணமும் அதே கணக்குல விழுந்தா, வரம்பு சட்டுனு நிறைஞ்சிடும். முழு கேஒய்சி குடுத்துட்டா அந்தத் தொல்லை இல்லை. ரெண்டு வருஷம் நீங்களா ஒரு வரவு செலவும் பண்ணாத கணக்கைச் செயல்படாத கணக்குன்னு ஒதுக்கிடுவாங்க, அதையும் பார்த்துக்கோங்க.

இந்த நாலு ஆவணத்துலயும் பேரு ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகலைன்னா மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்துல முட்டிப் பயனில்லை. முதல்ல ஆதாரைச் சரி பண்ணி, அதை வச்சு பாஸ்புக், அப்புறம் வாரிய அட்டைன்னு வரிசையா போகணும்.

[திரையில்: கீழக்கரை கடைத்தெரு. பிறகு ஒரு வங்கி வட்டிச் சான்றிதழ்.]

இப்ப வரி. "நமக்கு ஏது வருமான வரி"ன்னு வீடியோவை மூடிடாதீங்க. வரி கட்ட வேண்டாத குடும்பத்துல இருந்தும் வங்கி வரியைப் பிடிச்சுக்கிட்டுதான் இருக்கு.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் வளைகுடா போனவங்க வீட்டுல இது சாதாரணம். வெளிநாட்டுல இருக்கறவர் பேருல என்ஆர்ஓ கணக்குல (அவரோட இந்திய வருமானத்தைப் போடற கணக்கு) 5 லட்சம் டெபாசிட், 7 சதவீத வட்டின்னா வருஷத்துக்கு 35,000. இதுல முதல் ரூபாயில இருந்தே 31.2 சதவீதம் பிடிப்பாங்க. 10,920 ரூபாய் போயிடும். இந்தியாவுல அவருக்கு இருக்கற மொத்த வருமானம் 4 லட்சத்துக்குள்ளன்னா, புதிய வரி முறைப்படி அந்த முழுத் தொகையும் ரீஃபண்டா வரணும். ஆனா வருமான வரிக் கணக்கு (ஐடிஆர்) தாக்கல் பண்ணாம தானா வராது. அவர் ஐடிஆர்-1 படிவம் போட முடியாது, ஐடிஆர்-2தான். 12 லட்சம் வரை வரி இல்லைங்கறாங்களே, அந்தத் தள்ளுபடி இங்க வசிக்கிறவங்களுக்குத்தான். வெளிநாட்டுல சம்பாதிச்சு அனுப்புற பணத்தைப் போடற என்ஆர்இ கணக்கு வட்டிக்கு வரியே இல்லை, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

உள்ளூர்ல இருக்கறவங்களுக்கு ஒரே வங்கியில வருஷ வட்டி 50,000-ஐத் தாண்டினா 10 சதவீதம் பிடிப்பாங்க, 60 வயசு ஆனவங்களுக்கு இந்த வரம்பு 1 லட்சம். விபத்து இழப்பீட்டுல வந்த 9 லட்சத்தை டெபாசிட் போட்ட அம்மாவுக்கு 63,000 வட்டி வந்தா, பிடிக்கிறது 6,300. தாண்டுன 13,000-க்கு மட்டும் இல்லை, மொத்தத்துக்கும். பான் ஆதாரோட இணைக்காம செயலிழந்து கிடந்தா 20 சதவீதம். ரீஃபண்டும் வராது. இப்ப இணைக்க 1,000 ரூபாய் கட்டணம்.

வரி பிடிக்க வேண்டாம்னு வங்கியில குடுக்கற உறுதிமொழிப் படிவம், முன்னாடி 15ஜி, 15எச்-ன்னு பேரு இருந்தது, அதை ஏப்ரல்லயே குடுக்கணும். வருஷா வருஷம், வங்கிக்கு வங்கி. வெளிநாட்டுல இருக்கறவர் குடுக்க முடியாது.

[திரையில்: வருமான வரித் துறை இணையதளத்தின் முகப்பு.]

கணக்கு தாக்கல் பண்ண அரசு தளத்துல காசு கிடையாது. இன்கம்டேக்ஸ் டாட் கவ் டாட் இன். பான் எண்தான் பயனர் பேரு. உள்ள போனதும் முதல்ல 26ஏஎஸ் படிவத்தை, அதாவது உங்க பான் எண்ணுல கட்டுன வரிப் பட்டியலை, திறங்க. பிடிச்ச வரி அதுல இருக்கணும். இல்லைன்னா வங்கி தப்பான பான் எண்ணுல கட்டியிருக்கு, திருத்தம் போட வேண்டியது வங்கிதான். அடுத்து வங்கிக் கணக்கைச் சரிபார்ப்புக்குக் குடுங்க. நம்ம பேருதான் இங்க அதிகம் மக்கர் பண்ணும். பான்ல அப்பா பேரு முழுசா இருக்கும், பாஸ்புக்ல ஒத்தை இனிஷியல். ஒண்ணுல 'முகம்மது', இன்னொண்ணுல 'எம்.டி.' கணக்கு சரிபார்க்கப்படலைன்னா ரீஃபண்ட் அங்கேயே நிக்கும்.

தாக்கல் முடிஞ்சதும் 30 நாளுக்குள்ள ஆதார் ஓடிபி போட்டு உறுதி பண்ணணும், இல்லைன்னா தாக்கல் பண்ணதாவே எடுத்துக்க மாட்டாங்க. துபாய்ல இருக்கறவரோட ஊர் சிம் ரீசார்ஜ் இல்லாம செத்துக் கிடந்தா ஓடிபி எங்க வரும்? அவருக்கு நெட்பேங்கிங் வழிதான்.

2025-26 நிதியாண்டுக்கு ஐடிஆர்-1, ஐடிஆர்-2 கடைசி நாள் 2026 ஜூலை 31. தவறினா டிசம்பர் 31 வரை போடலாம். வருமானம் 4 லட்சத்தைத் தாண்டி 5 லட்சத்துக்குள்ளன்னா தாமதக் கட்டணம் 1,000.

[திரையில்: எழுத்து மட்டும் — 'ஐடிஆர் போட்டுத் தரப்படும்'.]

இங்க ஒரு எச்சரிக்கை. வண்டிக் கடனுக்காக, இல்லாத 4 லட்சம் வருமானத்தைக் காட்டி கணக்கு போட்டுத் தர்ற ஆட்கள் இருக்காங்க. மாசம் 1,000 வர்ற மகளிர் உரிமைத் தொகைக்கு, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள்ள இருக்கணும். நீங்களே தாக்கல் பண்ணுன காகிதம் உங்களுக்கு எதிரா நிக்கும். இன்னொரு கூட்டம், கட்டாத வீட்டு வாடகை, குடுக்காத கட்சி நன்கொடைன்னு போட்டு ரீஃபண்டைக் கூட்டி, அதுல பங்கு கேட்கும். பொய்யான விவரத்துக்கு அபராதம், ஏய்ச்ச வரியில 200 சதவீதம். நோட்டீஸ் உங்க பேருக்குத்தான் வரும், போட்டுக் குடுத்தவர் பேருக்கு இல்லை. ஏற்கனவே அப்படிப் போயிருந்தா, நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடி திருத்தின கணக்கு போட்டுடுங்க.

மீன் ஏலத்துல தரகு வாங்குறவங்க ஒண்ணு கவனிங்க. வரவுல 8 சதவீதம், 6 சதவீதம்தான் லாபம்னு வச்சுக்கற உத்தேசக் கணக்கு தரகு வருமானத்துக்குச் செல்லாது. வாங்கி விக்கிற வியாபாரிக்குத்தான் அது. கடல் மீன் வருமானம் விவசாய வருமானத்துலயும் சேராது.

[திரையில்: 1800 103 0025, 1800 419 0025, 15100]

தாக்கல்ல சிக்கினா முதல் ரெண்டு எண், வருமான வரித் துறையோட கட்டணமில்லா உதவி. வங்கியோ தரகரோ பணத்தைத் தராம இழுத்தடிச்சா 15100, சட்ட உதவி. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமா வக்கீல் வச்சுத் தரும். பெண்களுக்கு அதுல வருமான வரம்பே கிடையாது. போகும்போது பாஸ்புக்கோட, வங்கியில எழுதிக் குடுத்த மனு நகலும், முத்திரை வச்ச ஒப்புகைச் சீட்டும் கையில இருக்கட்டும்.